கோலுக்கு முந்தைய பாஸுக்கு முந்தைய பாஸ்

பதினேழு வருடம், பதினொரு கிளப்.
அதில் இரண்டில் இரண்டிரண்டு தடவை.
கணக்கு வைத்தது நானல்ல, ஷோனா.
அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கரால் எழுதுபவள் அவள்:
சமையல். குளியல். உடையும்.
கிரெய்கின் முழங்கால்.

அந்த முழங்காலை
ஒவ்வோர் ஊர் டாக்டரும் ஒவ்வொரு விதமாய் வாசித்தார்.
ஒருவருக்கு அது "பரவாயில்லை."
இன்னொருவர் பென்சிலால் தட்டிப் பார்த்து
ஜன்னலுக்கு வெளியே பார்த்து
"ஒரு வருட ஒப்பந்தம்தானே?" என்றார்.

இன்வர்கேர்ன் மைதானத்தில்
சுவருக்கு அந்தப் பக்கம் கடல்.
பிப்ரவரியில் கோல்கீப்பர் உதைத்த பந்து
பாதி வானத்தில் மனம் மாறி
அவன் தலைக்கு மேலேயே திரும்பிப் பறந்து
எதிரணிக்குக் கார்னர் ஆகும்.
வந்திருப்பது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நாற்பது பேர் சிரிப்பார்கள்.
மற்றவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று
இப்போதும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

நடுக்களம் பெரிய வித்தை ஒன்றுமில்லை.
முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது
பந்து வருமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.
வாங்கு, திரும்பு, கொடு.
கொடுத்ததை மறந்துவிட்டு
அடுத்தது விழுமிடத்துக்கு ஓடு.
படைக்கு முந்தியும் பந்திக்குப் பிந்தியும் போகிறவன் நான்;
ஆட்டம் முடிந்து சூப்புக்குப் போகையில்
அண்டாவின் அடியில் பார்லி மட்டும் கிடக்கும்.

என்னைப் பிடித்த மேனேஜரை அக்டோபரில் அனுப்பிவிடுவார்கள்.
வருகிறவருக்கு
உயரமான ஆட்கள் பிடிக்கும்.

ஒருமுறை என்னைக் கில்வார்டனுக்குக் கடன் கொடுத்தார்கள்.
வாங்கியவர்கள் மார்ச்சில் திருப்பித் தந்தார்கள்
வட்டியில்லாமல்,
பூட்ஸில் அவர்கள் ஊர்ச் சேற்றோடு.

அந்த வருடம் மொராக்கின் வகுப்பில்
எங்கள் வீடு என்று படம் வரையச் சொன்னார்களாம்.
கார் வரைந்திருந்தாள்.
டீச்சர் எங்களை அழைத்து மெதுவான குரலில் பேசினார்.
நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது வைப்பர் உடைந்திருப்பதைக் கூட
சரியாகப் போட்டிருந்தாள்.

டன்ராக். அரையிறுதி. எண்பத்தெட்டாம் நிமிடம்.
நான் ஆறு கஜம் தள்ளினேன் லாக்லனுக்கு.
லாக்லன் ஃபின்டனுக்கு.
ஃபின்டன் வலைக்கு.
மறுநாள் பேப்பரில்
ஃபின்டனின் படம், லாக்லனின் பெயர்,
படத்தின் விளிம்பில் ஒரு முழங்கை.
என்னுடையதுதான். பிளாஸ்திரி தெரிகிறது.
ஷோனா வெட்டி எடுக்கையில்
கத்தரிக்கோலை அந்த ஓரத்தில்
கொஞ்சம் தள்ளி ஓட்டினாள்.

இறுதியாட்டத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை.
பெஞ்சில் இருந்தேன்.
மழை.

போன மே மாதம் யாரும் போன் செய்யவில்லை.
ஜூனிலும்.
அதுதான் என் ஓய்வு அறிவிப்பு.

இப்போது பெர்த் பக்கம் வீடுகளுக்குக் கொதிகலன் பொருத்துகிறேன்.
போன செவ்வாய் ஒரு கிழவர்
டீக் கோப்பையோடு வாசலில் நின்று
என்னையே உற்றுப் பார்த்தார்.
"இன்வர்கேர்னில் பெனால்டியைக் கடலுக்கு அடித்தவன் நீதானே?"
"இல்லை, அது வேற ஆள்" என்றேன்.
"நல்லது," என்றார், "அவனை என் வீட்டுக்குள் விடமாட்டேன்."
இரண்டு பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார்.

அடித்தபோது காற்று இல்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு படிக்கட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து
வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன்.
குழாய்க்குள் தண்ணீர் யோசித்தது, நகர்ந்தது,
சுவருக்குள் ஏறிப்போனது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மாடியில், நான் பார்க்காத ஏதோ ஓர் அறையில்,
ஒரு பெண் குரல் சொன்னது:
ஆங், சூடு வந்துடுச்சு.